நான்கு விரற்கடை நீர்

தொட்டியில் நீர் நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது.

பெல்கிஸ் அதை முதலில் தன் கண்ணின் பிழை என்றே கொண்டாள். குளியலறைக்குச் சன்னல் கிடையாது. கட்டடத்தின் நடுவே கிணறுபோல் இறங்கும் காற்றுவழியை நோக்கி ஒரு சாண் அகலப் பிளவு மட்டும் உண்டு. அதன் வழியே வரும் பகல், மூன்று மாடிகளின் அடுப்புப் புகையையும் காயாத துணிகளின் வாடையையும் கடந்து, சாம்பல் பூத்த வெளிச்சமாகவே உள்ளே விழும். அந்த வெளிச்சத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் முந்தைய நாள் பிற்பகலில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை நிரப்பியவள் அவளே. நிரப்பிய பின் ஒரு குவளையும் மொள்ளவில்லை.

ஹவானாவின் அந்தப் பழைய தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணிக்கு வரும், மூன்றுக்குள் நின்றுவிடும். ஆதலால் அங்கே குளியல்தொட்டியில் யாரும் குளிப்பதில்லை. சிங்கப் பாதங்கள் நான்கின்மேல் நிற்கும் அந்த வார்ப்பிரும்புத் தொட்டி முப்பது ஆண்டுகளாகப் பெல்கிஸின் வீட்டு நீர்த்தேக்கம். வடிகுழியை ரப்பர் மூடியால் அடைத்து, அதில் நிரப்பி வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று குவளையால் மொண்டு ஊற்றிக்கொள்வதே குளியல். குடிநீர் தனியே குப்பிகளில் இருக்கும்.

அவள் மகன் யோஸ்வெலும் அங்கே அப்படி நின்று குளித்தவனே. இருபத்தாறு வயது. பதினான்கு மாதங்களுக்கு முன், லாரிச் சக்கர டியூப்கள் ஆறையும் ஒரு பழங்கதவையும் கயிற்றால் பிணைத்த மிதவையில், நண்பர் மூவரோடு வடக்கு நோக்கிக் கடலேறினான். அன்று தொட்டு ஒரு சொல்லும் வரவில்லை. கரை சேர்ந்தான் என்று சொல்வார் இல்லை. சேரவில்லை என்று சொல்வாரும் இல்லை. அந்த இரண்டாவது இன்மையைப் பற்றிக்கொண்டுதான் பெல்கிஸ் உயிர்தரித்திருந்தாள்.

அவள் பேட்டை மருத்துவமனையின் சோதனைக்கூடத்தில் பணிபுரிபவள். அளக்காமல் எதையும் நம்பும் வழக்கமில்லை. பென்சிலால் எனாமலின்மேல் நீர்மட்டத்தைக் கோடிட்டாள். குளியலறைக் கதவைப் பூட்டினாள். மறுநாள் காலையில் திறந்தபோது கோடு வறண்டு தனித்து நின்றது. அதற்குக் கீழே நான்கு விரல் ஆழத்தில் நீர், ஒன்றும் அறியாததுபோல் அசையாமல் கிடந்தது.

குழாய் வேலை பார்க்கும் எவேலியோ அன்று மாலையே வந்தார். சாக்குப்பையை இறக்கிவைத்துவிட்டு, மண்டியிட்டு, தொட்டியின் வயிற்றை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். வடிகுழியின் மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி வார்த்தார். நீர் மிகுந்தால் வழிந்தோட விட்டிருந்த மேல்துளையைச் சிமெண்டால் அடைத்தார். தரையைத் துணியால் ஒற்றி உலர்த்தி, நான்கு பாதங்களைச் சுற்றிலும் முகப்பவுடரைத் தூவினார். ஒரு துளி கசிந்தாலும் வெண்மையில் கோடு விழும்.

"அக்கா, தண்ணி எங்கயாவது போய்த்தானே ஆகணும்," என்றார் அடியில் தலையை நுழைத்தபடி. "அதுக்கென்ன பாஸ்போர்ட்டா இருக்கு, நாட்டை விட்டுப் போக?"

சொன்ன பிறகே யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. தலையை வெளியே எடுக்காமலே பவுடரைத் தூவி முடித்தார்.

கீழ்த்தளத்தில் ஃபேஃபா இருந்தாள். எழுபது கடந்தவள், தனியாள். ஒழுகலின் முதல் பலி எப்போதும் அவள் கூரைதான். எவேலியோ நாற்காலிமேல் ஏறி அந்தக் கூரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"தடவாதய்யா, சுண்ணாம்பு உதிருது," என்றாள் ஃபேஃபா. "ஒரு சொட்டு கிடையாது. என் முட்டியவிட வறண்டு கிடக்கு."

"உன் முட்டிக்கு எண்ணெய் போட நான் ஆளில்ல, கிழவி."

"போட்டாலும் நீ கேட்டு வாங்கற காப்பிக்குக் கட்டுபடியாகாது."

மற்ற நாளாயிருந்தால் பெல்கிஸ் சிரித்திருப்பாள். மூலையில், வெள்ளைத் துணி விரித்த சிறுமேசையின்மேல், ஃபேஃபாவின் இறந்தவர்களுக்கான தண்ணீர்த் தம்ளர்கள் வரிசையாய் நின்றன. ஆளுக்கு ஒன்று. ஏழு. பெல்கிஸ் எண்ணிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எவேலியோ போகும்போது படியில் நின்று சொன்னார்: "பவுடர்லயும் தெரியலைன்னா கலர் போட்டுப் பாருங்க. எங்க கலர் வருதோ, அங்கதான் ஓட்டை."

பவுடரில் தெரியவில்லை. இரண்டு நாள் அது புதுச் சுண்ணாம்புபோல் வெண்மை கெடாமல் கிடந்தது. நீர் நாளுக்கு நான்கு விரல் தாழ்ந்தது. மூன்றாம் நாள் பெல்கிஸ் சோதனைக்கூடத்திலிருந்து ஊதா மருந்துக் குப்பி ஒன்றைக் கைப்பைக்குள் கொண்டுவந்தாள். புண்ணுக்கும் கைக்குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்கும் தடவும் மருந்து. பட்ட இடத்தைவிட்டு வாரக்கணக்கில் போகாது. குப்பியைக் கவிழ்த்தாள். ஊதா நூல்கள் நீருக்குள் புகைபோல் இறங்கிச் சுருண்டு, ஒன்றோடொன்று பிணைந்து, தொட்டி முழுதும் அந்திக்கடலின் நிறமாயிற்று.

மின்சாரம் நான்கு மணிக்கே போய்விட்டிருந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கைப்பேசியின் விளக்கை நீர்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். காற்றுவழியினூடே யாரோ பூண்டு தாளிக்கும் மணமும், மேல்வீட்டுக் குழந்தை ஒன்றைக் குளிக்கச் சொல்லி அதட்டும் குரலும், தெருவில் வண்டிகள் குழியில் இறங்கி ஏறும் ஓசையும் வந்துகொண்டிருந்தன. பின்பு ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. கடைசியில், ஓசைகளெல்லாம் வடிந்த அடியிலே, அவள் மூச்சு மட்டும் ஓடுகளில் மோதித் திரும்பிற்று. அப்போது அந்த வாடை வந்தது. சோப்பின் ஈரமன்று, துருவுமன்று. கரையில் ஒதுங்கிய பாசியும், வெயிலில் வெந்த ரப்பரும், உப்பும் கலந்த வாடை. கடல் எட்டுத் தெருவுக்கு அப்பால் இருந்தது.

நீரின் நடுவே ஒரு சிறு குழிவு தோன்றியது.

சுழியன்று, சுழியானால் நீர் சுழலும். இது சுழலவில்லை. கட்டைவிரல் அழுத்தியதுபோல் நீரின் தோல் உள்வாங்கியது. நின்றது. பின் உள்ளிருந்து, மிக மெல்ல, ஓர் ஓசை.

மடக்கு.

குழிவு நிரம்பியது. மீண்டும் உள்வாங்கியது.

மடக்கு. மடக்கு.

அவள் கையைத் தோள்வரை ஊதா நீருக்குள் விட்டு அடைப்பானைத் தொட்டாள். மெழுகு கல்லாய் இறுகியிருந்தது; நகமும் நுழையவில்லை. கையை எடுத்தபோது ஓசை நின்றிருந்தது. நீர்மட்டம் நான்கு விரல் இறங்கியிருந்தது.

மறுநாள் அவள் கட்டடமெங்கும் ஊதாவைத் தேடினாள். ஃபேஃபாவின் கூரை, வெளுப்பு. காற்றுவழியின் அடித்தளம், எலியெச்சமும் உலர்ந்த தூசியும். முற்றத்துச் சாக்கடை, வழக்கமான கருமை. நிலத்தடித் தொட்டியின் மூடியைப் பக்கத்துவீட்டார் இருவரைக் கொண்டு தூக்கிப் பார்த்தாள், தெளிந்த நீர். ஓர் ஊதாத் துளி எங்கும் இல்லை. திரும்பி வந்து தொட்டியருகே குனிந்தபோது, நீர் இறங்கிய இடமெல்லாம் எனாமலில் வெண்பொருக்கு படிந்திருப்பதைக் கண்டாள். விரலால் சுரண்டி நாவில் வைத்தாள்.

உப்பு.

ஃபேஃபா சுவரைப் பற்றிப் படியேறி வந்தது அன்று மாலைதான். வாசலில் நின்றே கேட்டாள்.

"என் உசுரே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அன்னிக்கு என் மேசையிலருந்து எட்டாவது தம்ளரத் தூக்கிட்டு வந்தியே. அந்தத் தண்ணிய எங்க ஊத்துன?"

பத்து நாளுக்கு முன், காப்பித்தூள் கடன் கேட்க ஃபேஃபாவின் வீட்டுக்குப் போன பெல்கிஸ், ஏழாக இருந்த தம்ளர்கள் எட்டாக நிற்பதைக் கண்டாள். யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஃபேஃபாவின் கண் தாழ்ந்ததே போதும். இறந்தவர்க்கன்றோ அந்தத் தண்ணீர். உயிரோடிருக்கும் பிள்ளைக்கு அதை வைக்க யார் இவளுக்கு உரிமை தந்தது? தம்ளரைப் பறித்துக்கொண்டு படியேறிய வேகம் அவள் காலில் இன்னும் இருந்தது.

"தெருவுலதானே ஊத்துன?" என்றாள் ஃபேஃபா. "வாசலுக்கு வெளிய?"

"தொட்டியில."

கிழவி கதவு நிலையைப் பற்றிக்கொண்டாள்.

"செத்தவங்க தண்ணிய வீட்டுத் தண்ணியில கலப்பாங்களா? உங்கம்மா உனக்குச் சொல்லித்தரலையா?"

"ஒரு தம்ளர் தண்ணி, ஃபேஃபா. ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற தண்ணி. தெருவுல கொட்ட மனசு வரல."

"உனக்குக் கொட்ட மனசு வரல. அவனுக்கு வழி தெறந்துடுச்சு. ஒரு தம்ளர்னா குடிச்சுட்டுப் போயிருப்பான். நீ தொட்டியையே வச்சுட்ட." அவள் குரல் தாழ்ந்தது. "மூடியப் புடுங்கு. இருக்கறதெல்லாம் வாளியில மொண்டு தெருவுல ஊத்து. அப்புறம் அவன் பேரச் சொல்லி ஒரே ஒரு தம்ளர் வை. விளக்கேத்தி, போய் வாடா கண்ணுன்னு அனுப்பி விடு. அதுதான் வழி."

"அவன் பேரச் சொல்லி வச்சா, அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி."

"பெல்கிஸ்."

"குழாய்ல காத்து இருக்கும். எவேலியோ வந்து பாக்கட்டும்."

கதவைச் சாத்தினாள். படியில் அந்த முட்டிகள் ஒவ்வொன்றாய் இறங்கும் ஓசை அடங்கும்வரை அங்கேயே நின்றாள்.

அதற்குப்பின் தண்ணீர் இருமுறை வந்தது, இருமுறையும் நிரப்பினாள். நான்கு விரல் ஆறாயிற்று, ஆறு எட்டாயிற்று. ஊதா வெளிறி வெளிறி, ஐந்தாம் நாள் தொட்டியின் அடியில் தேங்கிக் கிடந்த ஒரு சாண் நீரில் ஊதாவின் நினைவுகூட இல்லை. அவ்வளவு நிறமும் எங்கோ போயிருந்தது. பெல்கிஸ் வேலைக்குப் போகவில்லை. உணவுப்பங்கு வாங்கவும் போகவில்லை. மடக்கு மடக்கென்ற அந்த ஓசைக்குள் ஓர் அவசரம் இருப்பதை அவள் கேட்டாள். பள்ளிவிட்டு ஓடிவந்து செம்பை இரு கையாலும் ஏந்திக் குடிக்கிறவனின் அவசரம். கேட்ட மறுகணமே அதைக் கேட்கவில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அன்று பகல் ஒன்றரை மணிக்கு மைடெலின் வந்தாள். மிதவையில் போன நால்வரில் ஒருவனின் மனைவி. இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அழுது முடித்துவிட்ட முகம். கைப்பேசியை மார்போடு அணைத்திருந்தாள்.

"மையாமியிலருந்து என் சித்தி மக அனுப்பியிருக்கா," என்றாள். "வடக்கால ஒரு மணல்திட்டு. மனுசங்க யாரும் இல்லாத திட்டு. மீன்பிடிக்கறவங்க பாத்திருக்காங்க. கிழிஞ்ச டியூப்பு, ஒரு கதவு. அதுக்குக் கீழ நாலு பேரு."

பெல்கிஸ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலும்புதான். அலை அடிச்சுச் சாகல. கரை ஏறியிருக்காங்க, அத்தை. ஏறி, அந்தத் திட்டுல தண்ணி இல்லாமத்தான்... கேனெல்லாம் காலியாக் கிடந்துச்சாம்." அவள் கைப்பேசியை நீட்டினாள். "அடையாளம் கேக்கறாங்க. யோஸ்வெலுக்கு முன்பல்லு பாதி ஒடஞ்சிருக்கும்ல, பேஸ்பால் பட்டு."

படத்தில் வெண்மணல். மணலைவிட வெளுத்த எலும்பு. தாடையில் முன்பல் ஒன்று சாய்வாக உடைந்திருந்தது.

பற்கள் ஊதா நிறமாக இருந்தன.

வேர்வரை. எலும்பெல்லாம் வெயில் தின்ற வெண்மை. பற்கள் மட்டும் அந்திக்கடலின் நிறம். அருகே மூன்று தாடைகள். அவை வெறும் வெண்மை.

"அந்தக் கலர் என்னன்னு அவங்களுக்கும் புரியலையாம். ஏதோ பாசின்னு நெனைக்கறாங்க. மத்த மூணு பேருக்கும் இல்ல."

"எப்ப எடுத்த படம்?"

"முந்தாநாள். அத்தை, யோஸ்வெல்தானா அது?"

சுவர்க்கடிகாரத்தில் இரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"தண்ணி வர்ற நேரமாச்சு," என்றாள் பெல்கிஸ். மைடெலினை மெல்ல வெளியே விட்டுக் கதவைத் தாழிட்டாள்.

குழாய் முதலில் இருமியது. துருவைத் துப்பியது. பின் நீர், முழு வேகத்தில், வெண்ணுரையாய், வார்ப்பிரும்பின் அடியில் விழுந்து முழங்கிற்று. பெல்கிஸ் திருகை முற்றத் திறந்துவைத்துக்கொண்டு, வாளி, குடம், அண்டா, குடிநீர்க் குப்பிகள் என்று வீட்டிலிருந்த நீர் அத்தனையும் ஒவ்வொன்றாய்க் கொணர்ந்து தொட்டியில் கவிழ்த்தாள். ஒரு சாண் நீர் ஒரு முழமாயிற்று. விளிம்புக்கு ஏறிற்று. கடலின் வாடை அவள் தலைமுடிக்குள் புகுந்தது.

குழிவு தோன்றியது. இம்முறை அவள் அஞ்சவில்லை. அச்சம் நிற்க அவளுள் இடம் எஞ்சியிருக்கவில்லை.

"குடி," என்றாள். "நல்லா குடி. மெதுவா."

மடக்கு. மடக்கு. மடக்கு.

அதனருகே இன்னொரு குழிவு.

அப்பால் ஒன்று. குழாயின் தாரைக்கு அடியிலேயே ஒன்று.

நான்கு.

குழாய் முழுவேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்முன். ஒரு விரல். ஒரு சாண். நான்கு வாய்களும் ஒன்றையொன்று முட்டின; நெருக்கின. முதலில் தோன்றிய சிறிய குழிவு ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. அது அவள் பக்கத்து ஓரம்.

"அவனுக்கும் விடுங்கடா," என்றாள்.

மூன்று மணி. குழாய் கொர்ரென்றது. காற்று. ஒரு துளி. பிறகு இல்லை.

அடியில் எஞ்சியதை அவை நக்கி எடுத்தன. எனாமல் காய்ந்தது. உப்பு வெளுத்தது. எங்கும் நீரில்லை. ஓசை நிற்கவில்லை.

மடக்கு. மடக்கு. வெறுந்தொண்டை. காற்றைக் குடிக்கும் தொண்டை.

இனி நாளை மறுநாள் இரண்டு மணிக்கு.

பெல்கிஸ் செருப்பைக் கழற்றினாள். தொட்டிக்குள் காலெடுத்து வைத்தாள். மண்டியிட்டாள். வலக்கையை விரித்து உலர்ந்த அடித்தளத்தின்மேல் வைத்தாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பின் சுட்டுவிரல் நுனியில் ஏதோ தொட்டது. மெத்தென்றிருந்தது. பற்றியது. அவன் பிறந்த பதினோராம் நாளில் மார்பைப் பற்றியதுபோல், கண் திறக்காமல், நம்பிக்கையோடு. இழுத்தது.

அவள் கையை எடுக்கவில்லை.

நடுவிரலில் ஒன்று. மோதிரவிரலில் ஒன்று. சிறுவிரலில் ஒன்று. இவற்றுக்குப் பல் இருந்தது.

கதவை யாரோ தட்டினார்கள். ஃபேஃபாவின் குரல். பிறகு எவேலியோவின் குரல். கதவில் தோளை மோதும் ஓசை. அவள் திரும்பவில்லை. விரல்கள் வெளுத்தன. உள்ளங்கை சுருங்கியது. தோல் எலும்பில் ஒட்டிக்கொண்டு மணிக்கட்டைக் கடந்து மேலேறியது. இருபது ஆண்டுகளாய்ச் சோப்புப் போட்டும் கழற்ற முடியாதிருந்த வெள்ளி வளையல் நெகிழ்ந்தது, முழங்கைப் பக்கம் ஓடியது, திரும்பி வந்தது, விரல்களைக் கடந்து வழுவி, வார்ப்பிரும்பின்மேல் விழுந்தது.

விழுந்த ஓசை கேட்கவில்லை. மடக்கென்ற ஓசைதான் கேட்டது.